சக்கரத்தின் மேல் ஒரு வீடு

நம் நாட்டு மாட்டு வண்டிகளுள் வில்வண்டி என்பது ஒரு வகை. பாரவண்டியில் நெல்மூடையும் விறகும் போயின. வில்வண்டியில் மணமக்களும் வைத்தியரும் போயினர். இரண்டுக்கும் உள்ள முக்கிய வேற்றுமை, வண்டித் தட்டுக்கும் அச்சுக்கும் இடையே வளைந்து கிடக்கும் சில இரும்புத் தகடுகளே. அத்தகடுகளை வில் என்று அழைத்த தமிழ்த் தச்சன், பொருளின் வடிவை மட்டுமன்றி அதன் தொழிலையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டான். வில் வளையும், வளைந்தது நிமிரும். அவ்வளவே அதன் வேலை. அந்த வேலை செவ்வனே நடவாதபோது நேரும் இடர்களுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு, செப்பனிடப்படாத வழிகளிற் செல்லத் துணிந்த மக்களின் வரலாறு அது.

வரலாறு கற்பிப்பவனுக்கு வண்டிப் பட்டறையில் என்ன வேலை என்று நேயர்களுட் சிலர் ஐயுறலாம். மன்னர் முடிசூடிய ஆண்டுகளையும் போர் நிகழ்ந்த களங்களையும் மாணவர் மனத்தில் ஓயாது பதிக்கின்றோம். ஆயின் மக்கள் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்தமையே அவற்றினும் பெரிய வரலாறு. அவர்கள் பெயர்ந்தபோது அவர்களுடைய உணவும் உடையும் குழந்தைகளும் ஓர் அச்சின் மேலேயே இருந்தன. அந்த அச்சு முறியாமலிருந்ததா என்பது சிறிய கேள்வியன்று.

வட அமெரிக்காவில் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து பசிபிக் கரையோரத்து ஓரிகன் நாட்டுக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 2,000 மைல் நீளமானது. 1843ஆம் ஆண்டில் ஆயிரம் பேரளவினதான ஒரு கூட்டம் அவ்வழியே சென்றது. அதன் பின், 1869ஆம் ஆண்டில் கண்டங் கடக்கும் இருப்புப்பாதை முற்றுப்பெறும் வரை, ஆண்டுதோறும் குடியேற்றக்காரர் சென்றவண்ணம் இருந்தனர். பயணம் நான்கு முதல் ஆறு மாதம் வரை எடுத்தது. பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட ஒரு பலகைப் பெட்டி, அதன் மேல் வளைந்த மரச் சட்டங்கள், சட்டங்களின் மேல் எண்ணெய் பூசிய துணி: இதுவே அவர்களின் வீடு. அதனுள் 2,000 இறாத்தல் வரை சுமை ஏற்றினர்.

இவ்வண்டிகளில் பெட்டிக்கு வில் இல்லை. ஓட்டுபவரின் இருக்கைக்கு வில் வைத்தவர் சிலர் இருந்தனர். பெட்டியோ அச்சுச் சட்டத்தின் மேல் நேரே அமர்ந்திருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து அவர்கள் நாடு கடந்தனர் என்று திரைப்படங்களைப் பார்த்த நாம் எண்ணுகின்றோம். உண்மையில் நோயாளரும் சிறு குழந்தைகளும் தவிர ஏனையோர் பெரும்பாலும் வண்டியின் பக்கத்தே நடந்தே சென்றனர். எருதுகளின் பாரத்தைக் குறைப்பது ஒரு காரணம். உள்ளே இருந்தால் உடம்பு தாங்காது என்பது மற்றொன்று. காலையில் எடுத்த பாலாடையை மூடிய பாத்திரத்தில் இட்டு வண்டியிற் கட்டிவிட்டால் மாலையில் வெண்ணெய் திரண்டிருக்கும் என்று அவர்களுள் பலர் எழுதிவைத்துள்ளனர். மத்தும் கயிறும் வேண்டாத வெண்ணெய் என்று நம் வீட்டுப் பெண்கள் பொறாமை கொள்ளலாம். பாலை வெண்ணெயாக்கிய அதே குலுக்கல் ஆணிகளையும் மூட்டுகளையும் என்ன செய்திருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

சக்கரங்களின் கதை இன்னும் துயரமானது. குடம், ஆரக்கால், வட்டை என்னும் மர உறுப்புகளைச் சுற்றி இரும்புப் பட்டை பூட்டும் முறை நமக்குப் புதியதன்று. கொல்லன் பட்டையைத் தணலிற் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டையின் மேல் இறக்கி, நீரூற்றி இறுக்குவான். அமெரிக்கரும் இவ்வாறே செய்தனர். ஆனால் அவர்கள் கடந்த உயர் நிலங்களிற் கோடைக் காற்று மிகவும் வறண்டது. அதனால் மரம் சுருங்கியது; இரும்பு சுருங்கவில்லை. ஆரக்கால்கள் தம் துளைகளில் ஆடத் தொடங்கின. பட்டை கழன்று உருண்டது. மாலையில் ஆற்றங்கரையிலே தங்கும்போது சக்கரங்களைக் கழற்றி நீரில் ஊற வைத்தனர். பட்டைக்கும் வட்டைக்கும் இடையே மர ஆப்புகளை அறைந்தனர். அவ்வாறு செய்தும் பல வண்டிகள் வழியிலேயே குலைந்து போயின.

1859ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையைச் சேர்ந்த கப்டன் ரண்டொல்ஃப் மார்சி என்பவர் இப்பயணிகளுக்கென ஒரு கைந்நூல் எழுதினார். வண்டி எளிய அமைப்பும் உறுதியும் உடையதாய், நன்கு உலர்ந்த மரத்தினால், அதிலும் சக்கரங்கள் நன்கு உலர்ந்த மரத்தினால், செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். இந்த அறிவுரை எளியது போலத் தோன்றும். அதனைக் கடைப்பிடிப்பதே கடினம். பச்சை மரத்திற் செய்த சக்கரமும் உலர்ந்த மரத்திற் செய்த சக்கரமும் வண்ணம் பூசியபின் பார்வைக்கு ஒன்றே. மிசூரிக் கரையில் வாங்குபவனுக்கு வேறுபாடு தெரியாது. அறுநூறு மைல் சென்றபின், கொல்லனுமில்லாத, மரமுமில்லாத இடத்திலே அது தெரியவரும். செய்தவனோ அப்பொழுது அடுத்த வண்டியை விற்றுக்கொண்டிருப்பான். குறை பிறந்த இடமும் அது வெளிப்படும் இடமும் வேறு வேறாயிருத்தலே இத்தொழிலின் பெருந்துன்பம். இன்றுவரை அது நீங்கியபாடில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

வசதியை விரும்பி வண்டியைப் பெருக்கியவரும் உண்டு. 1846ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்திலிருந்து புறப்பட்ட ஜேம்ஸ் றீட் என்பவர் தம் குடும்பத்துக்கெனத் தனி வண்டி ஒன்றைச் செய்வித்தார். பக்கவாட்டில் வாயிலும், வில் பொருத்திய இருக்கைகளும், உள்ளே ஓர் அடுப்பும் அதற்கு இருந்தன என்று அவருடைய மகள் வேர்ஜினியா பின்னாளில் எழுதினார். அந்த வருணனையில் மிகை கலந்துள்ளது எனக் கருதும் ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும், அக்குடும்பம் தன் வண்டிகளை எல்லாம் வழியிலேயே கைவிட நேர்ந்தது. றீட் குடும்பத்தினர் சென்ற கூட்டமே டொனர் கூட்டம் என்று வரலாற்றிற் பெயர் பெற்றது. சியரா நெவாடா மலைகளிற் பனியிலே சிக்கி அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டனர். குறுக்குவழியை நம்பியதே அப்பேரிடருக்குத் தலையாய காரணம். வண்டியின் மேல் முழுப் பழியையும் சுமத்துதல் நீதியாகாது. மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சின் அச்சு முறியும் என்று அறிந்த மரபினர் நாம். ஆகவே அப்பாலைவெளியில் விட்டுச் செல்லப்பட்ட அடுப்புகளையும் பெட்டகங்களையும் நமக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இவர்களெல்லாம் பிழைப்பு நாடிச் சென்றவர்கள். இன்பத்துக்காக வீட்டைச் சக்கரத்தில் ஏற்றியவர்களுள் முதலில் வைத்து எண்ணப்படுபவர் ஸ்கொத்லாந்து நாட்டவரான கடற்படை மருத்துவர் கோடன் ஸ்ரேபிள்ஸ். 1885ஆம் ஆண்டில், பிறிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்று செய்துகொடுத்த பெரிய வண்டியிலே, இரு குதிரைகள் இழுக்க, தென் இங்கிலாந்திலிருந்து இன்வர்னஸ் வரை அவர் சென்றார். அவருக்கு வாய்த்தவை நல்ல வீதிகள். குதிரையின் நடையோ மெதுவானது. எனவே அவர் கதையில் நமக்குப் பாடம் குறைவு. குதிரையின் இடத்தை மோட்டார் பெற்றபோதே சோதனை கடுமையாயிற்று.

மணிக்கு இரண்டு மைல் சென்ற எருது ஒரு கல்லைத் தாண்டும்போது அச்சுக்குக் கிடைத்த அடி ஒன்று; மணிக்கு முப்பது மைல் செல்லும் மோட்டாரின் பின்னே அதே கல் கொடுக்கும் அடி முற்றிலும் வேறு. அத்துடன் மற்றொரு நுட்பமும் உண்டு. மோட்டார் வண்டியினுள் மனிதன் இருக்கின்றான். குலுக்கல் மிஞ்சினால் அவன் முதுகெலும்பே எச்சரிக்கும். உடனே வேகத்தைக் குறைப்பான். பின்னே இழுபட்டு வரும் வீட்டிலோ எவருமில்லை. அங்கே அலமாரி திறந்து பாத்திரங்கள் நொறுங்குவதையும், ஆணியொன்று சிறிது சிறிதாக வெளியேறுவதையும் அவன் அறியமாட்டான். முன்னே செல்லும் வண்டியின் வில் மென்மையாக ஆக, பின்னே வரும் வீட்டின் துன்பம் அவனுக்கு மேலும் மறைந்து போகின்றது.

இவ்வீட்டு வண்டிகளின் வரலாற்றில் தவிர்க்கவியலாத பெயர் வோலி பையம். அவர் 1896ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்துப் பேக்கர் நகரிற் பிறந்தார். முன்னர்க் கூறிய குடியேற்றக்காரரின் பாதை அவ்வூர்ப் பக்கமாகவே செல்கின்றது. அவர்களின் வண்டிச் சக்கரங்கள் பதித்த தடங்களை அவ்வூரருகே இன்றும் காணலாம். சிறுவனாயிருந்தபோது பையம் ஆடு மேய்த்தவர். கழுதை இழுக்கும் இருசக்கர வண்டியொன்றில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு நீர் வாளியும் ஒரு படுக்கையுமே துணையாக அவர் வாழ்ந்தார். வீட்டு வண்டிக்கு இன்றியமையாதவை எவை, வேண்டாதவை எவை என்பதை அவர் அந்த வயதிலேயே அறிந்துகொண்டார் எனலாம்.

பிற்காலத்தில் அவர் கலிபோர்ணியாவிற் பத்திரிகைத் தொழில் நடத்தினார். தாமே பொருள்களைச் செய்துகொள்ள விரும்புவோருக்கான பத்திரிகை ஒன்றில், வீட்டு வண்டி செய்யும் முறை பற்றிய கட்டுரையொன்றையும் வெளியிட்டார். அதனைப் பின்பற்றிச் செய்த வாசகர்கள் முறையிடத் தொடங்கினர். பத்திரிகாசிரியர் பலர் அத்தகைய கடிதங்களைக் குப்பைக் கூடையில் இட்டிருப்பர். பையம் அந்த முறைப்படி தாமே ஒரு வண்டியைச் செய்து பார்த்தார். வாசகர் கூறியதே சரி என்று கண்டார். உடனே புதிதாக வரைந்தார். தட்டைச் சக்கரங்களுக்கு நடுவே தாழ்த்தினார், கூரையை உயர்த்தினார், உள்ளே மனிதன் நிமிர்ந்து நிற்க இயன்றது. தட்டுத் தாழ்ந்தமையால் வண்டி சாய்ந்து கவிழும் அச்சமும் குறைந்தது. அச்சிற் படித்ததை நம்பாமல் பட்டறையில் இறங்கிய அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கின்றேன்.

1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் வீட்டு வண்டி செய்யத் தொடங்கின. பெரும்பாலானவை மரச் சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகையையோ மசோனைற் என்னும் அழுத்திய மரநார்ப் பலகையையோ அறைந்து செய்தவை. மரச் சட்டம் சதுரமாக இருக்கும்; குலுக்கும்போது சாய்சதுரமாக நெளியும். நெளியும் ஒவ்வொரு முறையும் மூலையில் உள்ள ஆணி தன் துளையைச் சிறிது பெரிதாக்கும். பெரிதான துளை வழியே மழைநீர் உட்புகும். நனைந்த பலகை உப்பி உளுத்துப்போகும். வண்டி எங்கும் மோதவுமில்லை, கவிழவுமில்லை. ஆயினும் சில ஆண்டுகளில் வீடு தளர்ந்துவிடும்.

இக்குறைக்கு மாற்று விமானத் தொழிலிலிருந்து வந்தது. சார்ள்ஸ் லிண்ட்பேர்க் 1927ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே தாண்டிய விமானத்தின் ஆக்கத்தை மேற்பார்வை செய்தவர் ஹோலி போலஸ். சறுக்கு விமானங்கள் செய்வதிலும் அவர் வல்லவர். 1934ஆம் ஆண்டில் அவர் அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்து, முட்டையோடு போன்ற ஒரு வீட்டு வண்டியைச் செய்தார். முட்டையோட்டிற்குத் தூணுமில்லை, உத்தரமுமில்லை. தோலே எலும்பாக நின்று பாரந் தாங்குகின்றது. இவ்வகையில் ஒரு மூலைக்கு வரும் அதிர்ச்சி எல்லாத் தறையாணிகளுக்கும் பங்கிடப்படும். போலஸின் நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை. அவருடைய அமைப்பைத் தழுவி, அவர் முன்புறத்தில் வைத்திருந்த வாயிலைப் பக்கத்துக்கு மாற்றி, 1936ஆம் ஆண்டில் பையம் 'கிளிப்பர்' என்னும் வண்டியை வெளியிட்டார். விலை 1,200 டொலர். பொருளாதார மந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அவருடைய எயர்ஸ்ட்றீம் நிறுவனம் பெயர்பெற்றது இவ்வண்டியினாலேயே. பின்னர் உலகப் போர் வந்தது. அலுமினியம் போர் விமானங்களுக்குப் போயிற்று. பையமும் விமானத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தார். போரின் பின் மீண்டும் வண்டி செய்யப் புகுந்தபோது அந்தத் தொழிற்சாலைப் பழக்கமும் அவருடன் வந்தது.

ஓடு உறுதியாயிற்று, அதன் கீழே இருந்த வில்லும் அச்சும் எவ்வாறு இருந்தன? விடை 1951ஆம் ஆண்டில், மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கிடைத்தது. தாம் விற்ற வண்டிகளை வாங்கியோர் எங்கெங்கே கொண்டு செல்கின்றனர் என்று அறிய விரும்பியோ, விளம்பரத்தின் பொருட்டோ, இரண்டின் பொருட்டோ, பையம் ஒரு கூட்டுப் பயணத்துக்கு அழைப்பு விடுத்தார். 63 வண்டிகள் வந்து கூடின. எல்லை கடந்தபின் வீதி வீதியாக இருக்கவில்லை. மலைச் சரிவுகளும், பாலமற்ற ஆறுகளும், முழங்காலளவு புழுதியும், பள்ளங்களும் அவர்களை எதிர்கொண்டன. வில்தகடுகள் முறிந்தன, இணைப்புக் கொளுக்கிகள் வளைந்தன, அச்சுகள் கோணின. பலர் இடைவழியிலேயே திரும்பினர். இறுதிவரை சென்றவர் சிலரே. இனி இவ்வாறான பயணமே வேண்டாம் என்று சலித்த பையம், அதன் பின்னும் ஆண்டுதோறும் கூட்டுப் பயணங்களை நடத்தினார் என்பது வேடிக்கை. ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் முறிந்தது எது, ஏன் முறிந்தது என்பது அடுத்த ஆண்டு வண்டியில் எதிரொலித்தது. மாற்றத்துக்காக மாற்றம் செய்யாமல் திருத்தம் மட்டுமே செய்வோம் என்பது தொழிற்சாலையில் அவர் இட்ட கட்டளை.

எல்லாவற்றிலும் பெரியது 1959ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் கேப் ரவுனில் தொடங்கி, 1960ஆம் ஆண்டில் எகிப்தின் கெய்ரோவில் முடிந்த பயணம். 41 வீட்டு வண்டிகள்; நூற்றுக்கு மேற்பட்ட மக்கள், அவர்களுட் பலர் ஓய்வு பெற்ற முதியோர். ஆபிரிக்காவின் நெடுகே அவர்கள் வடக்கு நோக்கி ஊர்ந்து சென்றனர். எதியோப்பியாவின் வழிகளே அவர்களைப் பெரிதும் வருத்தின. கற்கள் நிறைந்த தடங்களிலும் சேற்றிலும் ஆற்றுத்துறைகளிலும் வண்டிகளைக் கயிறு கட்டி இழுக்க நேர்ந்தது. உடைந்தவற்றை ஆங்காங்கே காய்ச்சி ஒட்டிக்கொண்டே சென்றனர். எதியோப்பியப் பேரரசர் ஹெயிலி செலாசி அவ்வண்டிகளைக் கண்டு வியந்தார். முடிவில் கீசாவின் பிரமிட்டுகளுக்கு முன்னே வெள்ளி நிற வண்டிகள் அணிவகுத்து நின்ற புகைப்படம் உலகெங்கும் பரவியது. அப்படத்தைப் பார்ப்போர் பிரமிட்டையே பார்ப்பர். நான் பார்க்க விரும்புவது, புழுதியில் மறைந்துள்ள அந்த வில்தகடுகளையும் அவற்றிற் பொருந்திய ஒட்டுகளையும்.

பையம் 1962ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலே அவர் நிறுவனம் வில்தகடுகளை விடுத்து றப்பர் அச்சுக்கு மாறியது. சதுரமான இரும்புக் குழாய் ஒன்றினுள் அதனிலும் சிறிய தண்டொன்றைத் திருப்பி வைத்து, இடைவெளிகளில் றப்பர்க் கோல்களை அழுத்திச் செலுத்துவர். சக்கரம் மேலெழும்போது உள்தண்டு திரும்பும்; றப்பர் நசுங்கி எதிர்க்கும்; பின் பழைய நிலைக்குத் தள்ளும். உராயும் தகடுகளில்லை, எண்ணெய் இட வேண்டியதில்லை, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மறுபக்கச் சக்கரம் தன் நிலை பிறழாது. நற்குணங்கள் பல. ஆனால் றப்பர் முதுமையடையும். றப்பர் விளையும் நாட்டில் வாழும் நமக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டா. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அது இறுகி, நசுங்கியபடியே நின்றுவிடும். வெளியே எந்தக் குறையும் தெரியாது; வண்டி சற்றுத் தாழ்ந்து நிற்கும், அவ்வளவே. வில்தகடு முறிந்தால் காட்டூர்க் கொல்லனும் ஒன்றை அடித்துப் பூட்டிவிடுவான். றப்பர் அச்சுக்கு முழு அச்சையுமே மாற்றுதல் வேண்டும். எது சிறந்தது என்று கேட்டால், எங்கே போகப் போகின்றீர்கள் என்பதே என் மறுகேள்வி.

1970களில் நீண்ட வண்டிகள் பெருகின. குளியலறையையும் கழிவுநீர்த் தாங்கியையும் பின்கோடியில் வைக்கும் வழக்கமும் பரவியது. அச்சுக்கு வெகுதொலைவில், வண்டியின் வாலிலே அத்தனை பாரம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கீழுள்ள இரும்புச் சட்டம் நாணல்போல் வளைந்தது. மேலுள்ள அலுமினிய ஓடோ வளைய மறுத்தது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டது ஒட்டுப்பலகைத் தளம். பின்கோடியின் இணைப்பு வழியே நீர் கசிந்து அப்பலகை உளுத்ததும், அதனைப் பற்றியிருந்த ஆணிகளுக்குப் பிடியில்லாமற் போயிற்று. ஓடும் சட்டமும் பிரிந்தன. அக்காலத்து எயர்ஸ்ட்றீம் வண்டிகளைப் பழுது பார்ப்போர் யாவரும் இன்றும் முதலிற் சோதிக்கும் இடம் இதுவே. பின்புறத் தாங்கியின் மேல் ஏறி நின்று மெல்லக் குதிப்பர். சட்டம் கீழே போக ஓடு மட்டும் அசையாது நின்றால் நோய் புலப்பட்டுவிடும். உறுதியான பொருளொன்றை நெகிழும் பொருளொன்றுடன் பிணைத்தால் சேதம் விளைவது பிணைப்பிலேதான்.

இனி அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். செப்பனிடாத வழியில் வீட்டு வண்டி இழுக்கும் பழக்கம் இன்று அங்கே மிகப் பெரிய அளவில் வாழ்கின்றது. அக்கண்டத்தின் நடுவே நெடுந்தூரம் மண்பாதைகளே. 1955 முதல் 1963 வரை லென் பீடெல் என்னும் நில அளவையாளர் ஒரு சிறு குழுவுடன் பாலைநிலங்களின் ஊடே 6,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகளை அமைத்தார். அவற்றுள் முதலாவது, துப்பாக்கிக் குழல்போல் நேராகச் செல்ல வேண்டும் என்ற எண்ணத்தால் 'கன்பரல்' நெடுஞ்சாலை எனப் பெயர் பெற்றது. ஏவுகணைச் சோதனைக்காக வகுக்கப்பட்ட அப்பாதைகளில் இன்று உல்லாசப் பயணிகள் செல்கின்றனர்.

மண்பாதையின் பெரும்பகை பள்ளமன்று, அலையே. வண்டிகள் தொடர்ந்து ஓடும் மண்வீதியில் குறுக்கே வரிவரியாக மேடும் தாழ்வும் தோன்றுவதை நாமும் கண்டிருக்கின்றோம். கீத் மேதர் என்னும் அவுஸ்திரேலிய விஞ்ஞானி, வட்டமான மணற்பாதையில் ஒரு சிறு சக்கரத்தை ஓயாது சுற்றவிட்டுச் சோதித்து, 1963ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். சக்கரம் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், சிறு மேட்டில் துள்ளி விழுந்து மணலைக் குழிக்கின்றது; குழியிலிருந்து மீண்டும் துள்ளுகின்றது; இவ்வாறே அலை பிறக்கின்றது. வீதியைக் கெடுப்பது சக்கரம். பின் அதே வீதி சக்கரத்தைக் கெடுக்கின்றது. ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இரண்டரை அடி இடைவெளி என்று கொண்டால், நூறு மைலில் ஒவ்வொரு சக்கரமும் பெறும் அடிகள் இரண்டு இலட்சத்துக்கு மேல். இதனைக் கணித ஆசிரியரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டேன். வில் ஒவ்வோர் அடியிலும் வளைந்து நிமிர, அதன் துள்ளலை அடக்கும் அதிர்வடக்கிகளின் எண்ணெய் கொதிப்பேறும். கொதித்த எண்ணெய் இளகியதும் அடக்குவார் எவருமின்றி வில் தன் போக்கில் துள்ளும். அதன் பின்னரே ஒட்டுகள் விரிவதும், திருகாணிகள் உதிர்வதும், இழுவைச் சட்டம் வெடிப்பதும்.

சுமையின் கணக்கு மற்றொரு பொறி. தொழிற்சாலையில் வண்டி வெறுமையாய் நிற்கும்போது வில்லும் அச்சும் அதற்குப் போதுமாயிருக்கும். பாலைநிலத்துக்குப் போகின்றவன் நீர் நிரப்புவான். ஒரு கலன் நீர் பத்து இறாத்தல். நாற்பது கலன் தாங்கி நிறைந்தால் 400 இறாத்தல். பற்றரிகள், உணவு, எரிவாயு உருளைகள், கருவிகள், மாற்றுச் சக்கரங்கள் என மேன்மேலும் சேரும். வில் ஏற்கெனவே பாதி நசுங்கி நிற்க, மிஞ்சியுள்ள இடைவெளி முதற் பள்ளத்திலேயே தீர்ந்து, அச்சு நேரே சட்டத்தில் மோதும். வில்லுள்ள வண்டி அப்பொழுது வில்லில்லாத ஓரிகன் வண்டியாகிவிடுகின்றது. வேகம் மட்டும் எருதின் வேகமன்று.

2022ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய அரசின் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு புதிய வீட்டு வண்டிகளின் விற்பனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் பொருட்டு வினவப்பட்ட உரிமையாளருள் 80 சதவீதத்தினர் தம் புதிய வண்டியிற் குறை கண்டதாகக் கூறினர். குறை இருப்பதைவிட, அதனைத் திருத்திக் கொடுப்பதில் நேரும் தாமதமும், விற்றவரும் செய்தவரும் ஒருவர் மேல் ஒருவர் பொறுப்பைச் சாட்டுவதுமே பலரைப் பெரிதும் வருத்தின. கரடுமுரடான வழிக்கு ஏற்றது என்று சொல்லி விற்கப்படும் வண்டி உண்மையில் எவ்வழிக்கு ஏற்றது என்பதிலும் தெளிவில்லாமை சுட்டிக்காட்டப்பட்டது. மார்சி உலர்ந்த மரத்தைப் பற்றி எழுதி 163 ஆண்டுகள் சென்றபின் வந்த அறிக்கை இது. மரத்தின் இடத்தை அலுமினியமும் பிசினும் பெற்றுள்ளன. மிசூரிக் கரையின் இடத்தை விளக்குகள் ஒளிரும் விற்பனைக் கூடம் பெற்றுள்ளது. தம் வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து வாங்குவோர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதியர். அடுத்த உதவி 300 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் இடத்தில் இழுவைச் சட்டம் வெடிக்கும்போது, உத்தரவாதப் பத்திரம் அவர்கள் கையில் பத்திரமாகவே இருக்கும்.

அனுபவமுள்ளவர்கள் அங்கே வேறு முறைகளைக் கைக்கொள்கின்றனர். மண்பாதையில் இறங்குமுன் ரயர்களின் காற்றைக் குறைப்பர்; மென்மையான ரயர் முதல் வில்லாகப் பணி செய்யும். வேகத்தைத் தாழ்த்துவர், ஒவ்வொரு மணித்தியாலமும் நிறுத்தி இறங்குவர். இறங்கியதும் சக்கரக் குடங்களைப் புறங்கையாற் தொட்டுச் சூட்டை ஒப்பிடுவர். பின் வண்டியின் கீழே குனிந்து, வில்லின் காதுகளையும் இழுவைச் சட்டத்தின் ஒட்டுகளையும் விரலாற் தடவி வெடிப்புத் தேடுவர். மற்றவற்றினும் ஒரு குடம் மட்டும் அதிகம் சுட்டால், அன்றைய பயணம் அவ்விடத்திலேயே நிற்கும், மேசை விரிக்கப்படும், சக்கரம் கழற்றப்படும்.